உன் மேல் ஒரு கேஸ் வேண்டும்

ரெம்பியா,
ஆகஸ்டு 11.

அன்புத் தம்பி நிவேந்திரனுக்கு அக்கா திலகவதி எழுதுவது. இங்கே நாங்கள் இருக்கிறோம். நீ அங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, முதுகில் வந்த சொறி ஆறிவிட்டதா என்று தெரிந்தால் போதும்.

போன மாதம் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்து உன் தடுப்பு முகாமில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகக் காவலர் வந்து சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு உன்னை நாலு அறை அறைந்திருப்பேன். நீ வந்திருந்தாலும் நடுவில் கண்ணாடி, என்ன செய்வது!

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். உன்னைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று நினைக்கிறாய். அம்மாவும் அதையே நம்பிக்கொண்டு பெம்பான் வீட்டில் என்னோடு பேசாமல் இருக்கிறார். உன்னைப் பற்றி விசாரித்தபோது யார் போய்ச் சாட்சி சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்று உனக்கும் சொல்லவில்லை, நம் வக்கீல் வாணிக்கும் சொல்லவில்லை. முகம் தெரியாத சாட்சிக்கு நீங்கள் இரண்டு பேரும் என் முகத்தை ஒட்டிவிட்டீர்கள். சாமி சத்தியமாக நான் போகவில்லை தம்பி. என்னை யாரும் கூப்பிடவும் இல்லை.

அதற்காக நீ தங்கமான பிள்ளை என்று எழுத மாட்டேன். இதை அங்கே ஓர் அதிகாரி படித்த பிறகுதான் உன்னிடம் கொடுப்பார்கள். அவரும் படிக்கட்டும். உன் கூட்டாளிகளோடு சேர்ந்து நீ பெம்பானில் ஆடிய ஆட்டம் கொஞ்சமா? உன்னைப் பிடித்த மறுநாள் மளிகைக்கடை தங்கையா அண்ணன், "இப்பதான்லா நிம்மதியா கடை தொறக்கிறோம்" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். வலித்தது. ஆனால் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு வருடம் முடிந்து செப்டம்பரில் வந்துவிடுவாய் என்று இருந்தோம். இப்போது இன்னும் இரண்டு வருடம் என்று தாள் வந்திருக்கிறது. இதோடு முடியுமா என்று வாணியிடம் கேட்டேன். "சொல்ல முடியாதுக்கா. மறுபடியும் போடலாம், அதுக்கப்புறமும் போடலாம்" என்றார். கோர்ட்டில் கேஸ் நடந்து தண்டனை வாங்கியவனுக்கு வெளியே வரும் தேதி ஒன்று உண்டாம். உன்னைக் கோர்ட்டுக்கே கொண்டுபோகாமல் அடைத்து வைத்திருக்கிறார்கள்; உனக்குக் கேஸே இல்லை, அதனால் தேதியும் இல்லை.

கேஸ் இல்லாமல் போனதற்குக் காரணம் நான். அன்று பெம்பான் திடலில் நடந்த சண்டையிலிருந்து உன்னை இழுத்து வரப் போன என் வீட்டுக்காரரின், உன் மாமாவின், வலது கையை நீ பாராங் கத்தியால் வெட்டினாய். மூன்று விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, செம்பனைத் தோட்டத்தில் புல் வெட்டும் மிசின் பட்டுவிட்டது என்று சொல்லச் சொன்னேன். அவரும் அந்த வலியில் அதையே சொன்னார். நீ ஜெயிலுக்குப் போய்விடக் கூடாதே என்றுதான். போலீசில் புகாரும் கொடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து யாரோ கொடுத்த தகவலில் உன்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நாங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ ஒரு நீதிபதி முன்னால் நின்றிருப்பாய். உனக்காகவும் ஒருவர் பேசியிருப்பார். இத்தனை வருடம் என்று சொல்லி முடித்திருப்பார்கள். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நானே உன்னை மாட்டிவிட்டேன்.

சுங்கை ஊடாங்கில் மாமா பார்த்த வெல்டிங் வேலை போய்விட்டது. இப்போது அங்கேயே ஒரு ஸ்டோரில் காவலுக்கு இருக்கிறார். சட்டைப் பொத்தானைக் கூட நான்தான் போட்டுவிடுகிறேன். இரண்டு வருடமாக உன் பேரை எடுக்காத மனிதர், இந்தத் தாள் வந்ததும் போன புதன்கிழமை தானாகவே கிளம்பினார். "வா, போய் ரிப்போர்ட் கொடுப்போம். பொய் சொன்னதுக்கு என்னப் புடிச்சு வச்சாலும் பரவாயில்ல" என்றார்.

போலீஸ் நிலையத்தில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னோம். அங்கிருந்த அதிகாரி மாமாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரித் தாளில் மிசின் என்றல்லவா இருக்கிறது என்றார். ஆள்தான் ஏற்கனவே உள்ளே இருக்கிறானே, இனிமேல் எதற்குக் கேஸ், வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். மாமா அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வாணி விடுவதாக இல்லை. எங்கள் இரண்டு பேரின் வாக்குமூலத்தையும் வைத்து, உன் மேல் முறையாகக் குற்றம் சாட்டிக் கோர்ட்டுக்குக் கொண்டு வரச் சொல்லி அரசாங்க வக்கீலுக்கு எழுதப் போகிறார். கேட்பார்களா தெரியாது. கேட்டாலும், தண்டனை முடிந்ததும் உன்னை விட்டுவிடுவார்கள் என்று உறுதி சொல்ல முடியாதாம். ஆனால் நீயும் கேட்க வேண்டும். அடுத்த வாரம் அவர் ஒரு தாளோடு உன்னைப் பார்க்க வருவார். தன் மேல் கேஸ் போடச் சொல்லி எவனாவது கெஞ்சுவானா என்று சிரிக்காதே. என் மேல் உள்ள கோபத்தில் அவரையும் திருப்பி அனுப்பிவிடாதே.

கோர்ட்டில் நான் உனக்கு எதிராகத்தான் சாட்சி சொல்வேன். முகத்தை மறைக்காமல், உன் எதிரே நின்று சொல்வேன். மாமாவும் சொல்வார். அவர் மனத்தில் ஒரே ஒரு கேள்வி கிடக்கிறது. பின்னாலிருந்து பிடித்தது அவர்தான் என்று தெரிந்து வெட்டினாயா, தெரியாமல் வெட்டினாயா என்று. இத்தனை நாளும் கேட்காதவர், அன்று அந்த வாசற்படியில் உட்கார்ந்து என்னிடம் கேட்டார். அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

அதை நீ எனக்கு எழுதிவிடாதே. எழுதினால் அது உன் ஃபைலில் போய் உட்கார்ந்துகொள்ளும். எது உண்மையோ அதைக் கோர்ட்டில் நின்று சொல். எதுவாக இருந்தாலும் கேட்டுக்கொள்ள நாங்கள் இரண்டு பேரும் முன்வரிசையில் இருப்போம்.

மாரியம்மன் உன்னைக் காக்கட்டும். வாணி கொண்டுவரும் தாளில் கையெழுத்துப் போட்டுவிடு சாமி.

உனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் காத்திருக்கும்
உன் அக்கா,
திலகவதி