வைக்காத தேர்வுக்குப் போட்ட மதிப்பெண்

என் பிரியமான அண்ணிக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அண்ணன் சமைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். ரசம் மட்டும் இன்னும் கைகூடவில்லை. நீங்கள் பாடம் எடுத்த ‘பி’ பிரிவுக்கும் இப்போது நான்தான் ஆங்கிலம். பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். இந்தச் செய்திகளோடு நிறுத்திக்கொள்ளத்தான் ஆசை.

ஆசிரியர் அறையில் நான் மதிப்பெண் பட்டியல் நிரப்பியதை நீங்கள் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? இலக்கணத்துக்கும் சொற்களுக்கும் தாள் திருத்தியிருந்தேன். காதால் கேட்டு எழுதும் தேர்வை மட்டும் வைக்கவே இல்லை. நன்றாகப் படிக்கிறவர்களுக்கு ஐந்து, மற்றவர்களுக்கு நான்கு என்று எழுதிக்கொண்டே போனேன்.

“வைக்காத டெஸ்டுக்கு எப்படிம்மா மார்க் போடுற?” என்று மெதுவாகக் கேட்டீர்கள்.

“உங்க வேலைய பாத்துகினு போங்க அண்ணி” என்றேன்.

நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஒரு சண்டையாவது போட்டிருக்கலாமே?

இந்தப் பருவத்தில் உங்கள் பிள்ளைகளே வந்து, லிசனிங் டெஸ்ட் எப்போது என்று கேட்டார்கள். வெட்கத்தில் இரண்டு பிரிவுக்கும் வைத்தேன். உங்களைப் போலவே வகுப்பின் பின்னால் நின்று பத்தியை இரண்டு முறை வாசித்தேன். என் ‘ஏ’ பிரிவில் ஷர்மிளா மட்டும் பேனாவைத் திறக்கவில்லை. நான் வாசிக்கத் தொடங்கியதே அவளுக்குத் தெரியவில்லை, அண்ணி. இலக்கணத்தில் முதலாவதாக வருகிற பெண். இத்தனை நாளும் என் உதட்டைப் பார்த்தே பாடம் படித்திருக்கிறாள். கேட்டு எழுதுவதில் இரண்டு வருடமாக அவளுக்கு நான் போட்டது ஐந்துக்கு ஐந்து.

அவள் அம்மா வசந்தா பட்டு நெய்கிறவர். அவரோடு வேலூருக்குப் போய்க் காது டாக்டரிடம் அவளைக் காட்டினோம். வலது காது போய்விட்டது, இடது காதுக்குக் கருவி வைக்கலாம் என்றார். இரண்டு வருடம் முன்பே வந்திருந்தால் வலது காதுக்கும் ஏதாவது செய்து பார்த்திருக்கலாமாம்.

திரும்பி வரும் பேருந்தில் வசந்தா சொன்னார்: “தறி சத்தத்துல வளந்த பொண்ணு, அதான் கத்திப் பேசுதுன்னு இருந்தேன் மிஸ். அப்பவே ஒரு டவுட்டு. கேட்டு எழுதறதுல நீங்க முழு மார்க் போட்டு இருந்தீங்களா, சரி, காது நல்லாத்தான் இருக்குதுன்னு உட்டுட்டேன்.”

அவர் தன்னைத்தான் நொந்துகொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆரணி வந்ததும் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டேன். நீங்களாக இருந்தால் பேருந்திலேயே சொல்லியிருப்பீர்கள், இல்லையா?

எனக்கு அதற்கு இரண்டு நாள் ஆனது. அவர் வீட்டுக்குப் போய், அந்தத் தேர்வை நான் வைத்ததே இல்லை என்றேன். வசந்தா தறியை நிறுத்தினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“எங்கிட்ட சொல்லிட்டீங்க. அவகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க” என்றார்.

ஷர்மிளாவுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் என் உதட்டைப் பார்க்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். முழுவதையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அப்ப அந்த அஞ்சு மார்க்கு என்னுது இல்லியா மிஸ்?”

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டது அதற்குப் பிறகு. அது அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன வந்தாலும் வரட்டும். இனி நான் சோதித்துப் பார்க்காத எதற்கும் மதிப்பெண் போடமாட்டேன். ஷர்மிளா என்றைக்கு என் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறாளோ, அன்றைக்கு அந்த மன்னிப்பை மறுபடி கேட்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களிடம் வாய்த்துடுக்காகப் பேசிவிட்டு, அதற்கு வருந்துவதற்குள் உங்களை இழந்துவிட்ட
உங்கள் நாத்தனார்,
சாந்தி