கதவோரத்துப் பை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரமாட்டேன் என்கிறது. நீயாவது சௌக்கியமாக இரு. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா அதன் பக்கத்தை விட்டு நகர்வதில்லை, அதனால்தான் கடிதம்.

அப்பா ஜெயிலுக்கு எடுத்துப்போகும் அந்தப் பை உனக்கு ஞாபகம் இருக்கும், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குமே, இரண்டு சட்டை, துண்டு, சோப்பு, வயசானபிறகு நான் சேர்த்துவைத்த சர்க்கரை மாத்திரை. முப்பத்துநாலு வருஷமாக எதிர்க்கட்சி. ஐந்து தேர்தலில் நின்று ஒன்றில் ஜெயித்தார், அப்போதும் சபையில் உட்கார்ந்ததைவிட வெளிநடப்பு செய்ததுதான் அதிகம். பதினொரு தடவை ஜெயில், நீ பிறந்ததே அவர் உள்ளே இருந்தபோதுதான். போராட்டம் என்று அறிவித்தால் போதும், விடியுமுன் வேன் வந்து நிற்கும், நானும் வாசலில் நின்று போலீஸ்காரர்களின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்ப்பேன்.

போன மாதம் அவர் கட்சித் தலைவரே ஆளுங்கட்சியோடு சேர்ந்து மந்திரியாகிவிட்டார், மற்றவர்களும் பின்னாலேயே ஓடிவிட்டார்கள். இவர் மட்டும், "எவன் வேணா போகட்டும், நான் வரல" என்று நின்றுகொண்டார். பெரிய ஆஸ்பத்திரியை மூடக்கூடாது என்று தனியாளாக மறியல் அறிவித்தார். அன்று இருட்டோடு எழுந்து சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தார். பால்காரர் வந்தார், பேப்பர் வந்தது, வேன் வரவில்லை. கடைசியில் தாமே நடந்து போனார். கூட வந்தது மூன்று பேர், அதில் ஒருவர் நம் தையல்காரர். ஒரு போலீஸ்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டு, "வெயில்ல நிக்காதீங்க பெரியவரே, உக்காருங்க" என்றாராம். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார் மனுஷர். ஆஸ்பத்திரிக்கும் பூட்டு போட்டாயிற்று. இப்போது தினமும் விடியற்காலையில் பையோடு உட்கார்ந்துவிடுகிறார், சாப்பாடு அரைவயிறுதான்.

உன்னிடம் மறைப்பானேன், நேற்று நான் ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரே ஒரு நாள் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் உட்காரவைத்து அனுப்புங்கள் என்று வெட்கத்தை விட்டு இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சினேன். ஒரு காலத்தில் உன் அப்பாவைச் சட்டைக் காலரைப் பிடித்து வேனில் ஏற்றிய அதே ஆள்தான். சிரிக்கக்கூட இல்லை பாவி. "அவரால இப்ப யாருக்கும்மா தொந்தரவு? வீட்டுல வச்சு நல்லா பாத்துக்கோங்க" என்று வாசல்வரை வந்து மரியாதையாக வழியனுப்பினார். வழியெல்லாம் அழுதேன்டி. இதற்குத்தானா இத்தனை வருஷம்?

வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே. என் ஆசியெல்லாம் உனக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அவரிடம் உடம்பு எப்படி என்று கேட்காதே. "அப்பா, உங்கள எப்ப பிடிச்சிட்டுப் போவாங்களோன்னு பயமா இருக்கு, ஜாக்கிரதையா இருங்க" என்று மட்டும் சொல். நிஜமாகவே பயந்த மாதிரி சொல்லடி.

உன் அம்மா