வரைபடத்தில் நீ விட்ட வெள்ளை

இன்று காலை பாப்பாவின் டயப்பர் பையைக் கவிழ்த்துக் கொட்டி நீ என்னிடம் விட்டுப்போன காட்டு வரைபடத்தைத் தேடி எடுத்தேன். மடிப்புகளில் இன்னும் பைன் பிசின் வாசனை.

எங்கள் பழைய மவுண்ட் ரோஸ்கில் வீட்டுச் சமையலறையில் இதை நீ விரித்தபோது எனக்கு ஏழாம் மாதம். என் சிநேகிதி நீ, மரக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவள். என் முரளி அதே காட்டில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டியவர். அரசு அந்தக் காட்டு நிலத்தைப் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது என்று கேள்விப்பட்டதிலிருந்து, அவர் வேலை போய்விடுமோ என்று எனக்குத் தூக்கமில்லை.

"நிலம்தான்டி கைமாறினது. நிக்கிற மரத்தை வெட்டுற ஒப்பந்தம் அப்படியே கிடக்கு. வெட்டி முடிஞ்ச துண்டுகள்தான் ஒவ்வொண்டா அவையிட்டப் போகும்" என்றாய்.

வரைபடம் முழுக்கப் பச்சை. நடுநடுவே வெள்ளை.

"இந்த வெள்ளையில என்ன இருக்கு?"

"அது வெட்டி முடிஞ்சது. இப்ப எங்கட இல்லை. அதுதான் நிறம் போடேல்லை."

"இல்ல, நீ எதையோ மறைக்கிற."

"நீ பொலிஸில சேர்ந்திருக்க வேணும்" என்று சிரித்தாய்.

நான் சிரிக்கவில்லை. கம்பெனி ஆள் கம்பெனிக்குத்தானே பேசுவாள்? கடைசி நாள்வரை ஆட்களைப் பிடித்து வைக்கச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். அழுது அடம்பிடித்து முரளியை வேலையை விடவைத்தேன். வெங்காயம் விளையும் புக்கெகோஹி ஊருக்கு வந்தோம். இப்போது வெங்காயம் தரம் பிரிக்கிறார். வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. அதன் பிறகு நீ நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபடி, "முரளிக்கு அங்க பிடிச்சிருக்கோ?" என்று கேட்டாய். அதையும் வேவு என்றே எடுத்துக்கொண்டேன். "ஆமா, சந்தோஷமா இருக்கார்" என்று பொய் சொன்னேன். அதுதான் நம் கடைசிப் பேச்சு.

நேற்று முரளியின் பழைய மேற்பார்வையாளர் அழைத்தார். பச்சைப் பக்கம் இன்னும் அதே ஒப்பந்தத்தில் மரம் விழுந்துகொண்டிருக்கிறதாம். வெட்டி முடிந்த துண்டு ஒன்றில் நிலத்துக்காரர்களே கன்று நடுகிறார்களாம். தரையைச் சீர்செய்ய இயந்திரம் தெரிந்த ஆள் வேண்டுமாம். போனை வைத்த முரளியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

"போகட்டுமா?"

"எழுத்துல தருவாங்களா?"

"உன் சிநேகிதி செத்தும் உன் விசாரணை முடியலையா?"

முடியவில்லை. நீ சொன்னது அத்தனையும் நடந்திருக்கிறது. அப்படியும் சந்தேகம் போக மாட்டேன் என்கிறது. அந்தத் துண்டு எது என்று கேட்டு, உன் வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். வெள்ளைதான். ஒப்பந்தத் தாளை வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். உன் வரைபடத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து வரிக்கு வரி படிப்பேன். கையெழுத்துப் போடலாமா என்று உன்னைத்தான் கேட்பேன்.