அரிசி கழுவிய தண்ணீரின் நிறம்

2024 நவம்பர் 11, திங்கள்

மழை விட்டபாடில்லை. ட்ரைபாட் நாலு நாளாகக் குடைகளோடு மூலையில் நிற்கிறது.

ராகேஷ் கூப்பிட்டான். சாஸ்தமங்கலத்தில் அவன் நடத்தும் கேலரியில் பிப்ரவரி பதினைந்து என் கண்காட்சி உறுதியாம். இருபது படங்கள், எல்லாம் வெள்ளாயணிக் காயல். "பேரும் வச்சாச்சு சாரே. 'நீலம்'. அந்த நீலம் சாருக்கு மட்டும்தான் வரும்."

ஐம்பத்தெட்டு வயதில் முதல் கண்காட்சி. பழவங்காடியில் ஸ்டூடியோ போட்டு முப்பது வருடம் பாஸ்போர்ட் முகங்களை எடுத்துத் தள்ளியவன் நான். காது இரண்டும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. அதற்குமேல் அந்த வேலையில் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. காயலைத் தேடிப் போனதே அதனால்தான். அங்கே எது தெரியலாம், எது கூடாது என்பது என் இஷ்டம். இந்தக் கண்காட்சி சொதப்பினால் இன்னொருவன் கூப்பிடப் போவதில்லை, அதுவும் தெரியும்.

மனைவி ஓமனாவிடம் சொன்னேன். "நல்லது" என்றாள். மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. என் படங்களைப் பற்றி அவள் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

விடியுமுன் காயல். போகும் வழியில் எதிரே வந்த ஸ்கூட்டரின் விளக்கு கண்ணுக்குள் பூவாணம்போல் சிதறி, வண்டியை ஓடைக்குள் இறக்கப் பார்த்தேன். எல்லாரும் இப்போது என்னத்துக்கு இவ்வளவு பெரிய விளக்கு வைக்கிறார்கள்?

தாமரை பறிக்கும் லிங்கம் எனக்கு முன்பே வந்து வேலையை முடித்திருந்தார். அவர் வள்ளம் போன வழியில் இலைகள் விலகி, ஒரு தண்ணீர்க் கோடு வளைந்து வளைந்து கிடந்தது. இலைகள் மறுபடி கூடிக்கொள்ள அரைமணி ஆகும். அதற்குள் வெளிச்சம் வர வேண்டும். ஒருநாள் கோடு இருக்கும், வெளிச்சம் இருக்காது. ஒருநாள் மறுபக்கம். இன்று இரண்டும் இருந்தன. மூன்றே படம் எடுத்தேன். நூறு எடுத்து ஒன்றைப் பொறுக்குகிறவன் மீன்பிடிக்கிறவன். படம் பிடிக்கிறவன் அல்ல.

போன வாரம் எடுத்ததைச் செல்போனில் லிங்கத்துக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எந்தக் காயலு?" என்றார்.

தினமும் அதிலேயே கிடக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்?

நவம்பர் 21, வியாழன்

இரண்டு மணிநேரம் கம்ப்யூட்டரில். காமிரா தருவது சப்பென்று, பழுப்பாக இருக்கிறது. நீலத்தைக் கூட்டினேன். போதவில்லை. இன்னும் கூட்டினேன். ஆமாம், இப்போது விடிகிறது.

பிரிண்ட் போடும் ஷிஜு, "அண்ணாச்சி, இது கொஞ்சம்..." என்று இழுத்தான். கொஞ்சம் என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றான். இடம் வேறு, படம் வேறு. நான் அங்கே கண்டதுதான் படம் என்று அவனுக்கு ஒரு வகுப்பே எடுத்துவிட்டு வந்தேன்.

கொரியர்காரன் போனில் "அந்த நீல வீடுதானே?" என்கிறான். கேட்டின் நிறத்தைச் சொல்கிறான் போல. வீடு வெள்ளை. மூன்று வருடம் முன்பு பெயிண்டருக்குப் பக்கத்தில் நின்று, பளீரென்று இருக்கட்டும், நீலப்பொடியை இன்னும் போடு, இன்னும் போடு என்று சொல்லி அடிக்க வைத்த வெள்ளை.

டிசம்பர் 2, திங்கள்

ஸ்கூட்டர் விளக்கு சங்கதியை வாய் தவறி ஓமனாவிடம் சொல்லிவிட்டேன். கையோடு இழுத்துப் போய்விட்டாள். டாக்டர் மீரா பார்த்த உடனே சொன்னார்: இரண்டு கண்ணிலும் புரை. வலது முற்றிவிட்டது. ஜனவரியில் ஆபரேஷன்.

வலதுதான் நான் காமிராவில் வைக்கும் கண்.

டிசம்பர் 4, புதன்

பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

2025 ஜனவரி 4, சனி

நேற்று ஆபரேஷன். பத்தே நிமிடம். இன்று காலை கட்டைப் பிரித்தார்கள்.

முதலில் டாக்டரின் கோட்டு. வெள்ளை என்றால் அது வெள்ளை. இத்தனை நாள் எதைப் பார்த்து வெள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்? வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தால் அதே கோட்டு பால் விடாத கட்டன்சாயாவில் முக்கி எடுத்ததுபோல் இருக்கிறது. மாற்றி மாற்றி மூடித் திறந்துகொண்டிருந்தேன். "மதி, போதும். ஆளுக பாக்குதாவ" என்று ஓமனா கையைப் பிடித்தாள்.

ஆட்டோ நேமம் திரும்பி எங்கள் தெருவுக்குள் வந்தது. எங்கள் வீட்டு இடத்தில் யாருடையதோ ஒரு வீடு. நல்ல ஆகாய நீலம்.

ஆட்டோ அதன் முன்னால் நின்றது. ஓமனா இறங்கிக் கேட்டைத் திறந்தாள்.

ஜனவரி 5, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். ஓமனா ஜெபத்துக்குப் போன நேரத்தில் நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

இருபது படங்கள்.

சொட்டு நீலத்தில் முக்கி எடுத்த வேட்டிகள் இருபது. இலை நீலம், வள்ளம் நீலம், லிங்கத்தின் தோள் நீலம். இதையா நான் பிரேம் போட்டு ஹாலில் மாட்டினேன்? இதையா கலை என்று ஷிஜுவுக்குப் பாடம் நடத்தினேன்?

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். என் கதை அதற்கும் ஒருபடி மேலே. கண்ணுக்குள் மஞ்சளை வைத்துக்கொண்டு, நீலம் போதவில்லை போதவில்லை என்று அள்ளிக் கொட்டியிருக்கிறேன். நான் கண்டதுதான் படம் என்று ஊரெல்லாம் பேசினேன். காணாததைத்தான் அச்சடித்திருக்கிறேன்.

ஜனவரி 8, புதன்

திங்களன்றே ராகேஷிடம் மறைக்காமல் சொன்னேன். சிரித்தான். "யாருக்குத் தெரியும் சாரே? அழைப்பிதழ் அச்சாயாச்சு. அந்த நீலத்துக்குத்தானே ஆளுக வருவாங்க."

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. நோயும் என்னுடையதுதானே, அதுவும் என் பார்வைதானே? இரண்டு நாள் இப்படியே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நிற்கவில்லை. இது எந்தக் காயலு என்று லிங்கம் கேட்டது காதிலேயே இருக்கிறது.

மாற்றிவிட்டுத்தான் மாட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்து வாரம் இருக்கிறது.

ஜனவரி 9, வியாழன்

ஓமனாவிடம் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே. வீடு இந்த நிறத்தில் நிற்கிறது, படமெல்லாம் இந்த நிறத்தில் கிடக்கிறது, கூடவே இருக்கிறவள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"பறஞ்சேனே. ஆறு வருஷத்துக்கு முன்ன. இத்தற நீலம் அங்க இல்லியே எண்ணு பறஞ்சேன். அப்ப நீங்க என்ன சொன்னிய, நெனவிருக்கா?"

நினைவில்லை என்றேன். பொய். அவள் வாயைத் திறக்கும்போதே நினைவு வந்துவிட்டது.

"கொழம்புக்குப் புளி பாக்குத கண்ணு வேற, படம் பாக்குத கண்ணு வேற எண்ணு சொன்னிய. ஷிஜுவுக்க முன்ன வச்சு. அதுக்குப் பொறவு நான் பறயல்ல."

அதுவரை அவளும் என்னோடு காயலுக்கு வருவாள். வரம்பில் உட்கார்ந்து, ஃப்ளாஸ்கிலிருந்து இரண்டு கப்பில் காப்பி ஊற்றுவாள். வராமல் போனது முழங்கால் வலியால் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவள் ஒருநாளும் முழங்காலைப் பற்றிச் சொன்னதில்லை.

ஆறு வருஷம். என்ன மனுஷன்டா நீ.

ஜனவரி 17, வெள்ளி

எட்டுப் படம் திருத்தி ஷிஜுவுக்கு அனுப்பினேன். கூப்பிட்டான். இந்தத் தடவை இழுக்கவில்லை, நேராகவே சொன்னான்: "அண்ணாச்சி, இப்ப எல்லாம் மஞ்சள்."

டாக்டர் மீராவைக் கேட்டேன். புதுக் கண்ணுக்குக் கொஞ்ச நாள் எல்லாமே நீலமாகத்தான் தெரியுமாம். பழக வாரங்கள் ஆகலாமாம். இடது கண் கட்டன்சாயா, வலது கண் சொட்டு நீலம். நடுவில் நிஜம் எங்கே இருக்கிறது? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் கேட்டிருக்கிறேன். கண் நன்றாகியும் சூரியனை நம்ப முடியாதவன் நான் ஒருவன்தான்.

வேறு ஒருவர் கண் வேண்டும். நிறத்தை நிறமாகப் பார்க்கிற, அந்தக் காயலை என்னோடு பார்த்திருக்கிற ஒருவர்.

அப்படி ஒருவர்தான் இருக்கிறார்.

ஜனவரி 19, ஞாயிறு

கேட்டேன். காயலுக்கு வா, நிறம் சொல்லு, நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

"எனக்குப் படம் தெரியாதில்லியா" என்றாள்.

அன்று நான் சொன்னது தப்பு என்றேன். இதைச் சொல்ல இந்த நாக்கு இவ்வளவு கனக்கும் என்று நினைக்கவில்லை. அவள் அடுப்படிக்குப் போனாள். நேரம் கழித்து அங்கிருந்தே கேட்டாள்: "ஷிஜுவுக்க முன்ன வச்சும் சொல்லுவியளா?"

ஜனவரி 21, செவ்வாய்

சொன்னேன். ஷிஜு இருக்கிற இடம் தெரியாமல் மானிட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

ஜனவரி 25, சனி

நாலரைக்கு எழுந்தேன். அடுப்படியில் வெளிச்சம். ஃப்ளாஸ்க் நிரம்பியிருந்தது. பக்கத்தில் இரண்டு கப்.

வரம்பில் பனி. நான் காமிராவைத் திறக்கவே இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். பழைய படங்கள் எந்த இடம், எந்த நேரம் என்று என்னிடம் குறிப்பு இருக்கிறது. அவள் பார்த்துப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நேரம் போட்டு எழுதினேன்.

ஆறு பத்து: "இப்ப நீலந்தான். செரியான நீலம். ஆனா அழுக்கு நீலம், சாம்பலுக்க கூட."

ஆறரை: "நீலம் போச்சு. தண்ணி இப்ப அரி கழுவின தண்ணி. ரெண்டாம் தடவ கழுவினது, மொதல்ல கழுவினது இல்ல."

ஆறே முக்கால்: "கெழக்க அந்தக் கோடு, வாளப்பழத்துக்க உள்தோலு. எலைக்க அடி செவப்பு. அதுக்க மேலெ பச்சை. பச்சை எண்ணு சொன்னா, முருங்கை எலை பச்சை இல்ல, வெந்த முருங்கை எலை."

ஏழு: "இப்ப எல்லாரும் பாக்குத நெறம். எளுதண்டாம்."

முப்பது வருடம் நிறத்தோடு பிழைத்தவன் நான். அரிசியை இரண்டு முறை கழுவினால் இரண்டு நிறம் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். சந்தோஷமாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, காப்பி ஆறியதுகூடத் தெரியவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஷிஜுவின் லேபில் மூவரும். ஒவ்வொரு படத்துக்கும் நாலு துண்டு மாதிரிப் பிரிண்ட். ஓமனா வெளியே வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு ஒன்றை நீட்டுகிறாள். நோட்டைப் பார்த்து நான் சரி என்கிறேன். பதினைந்து முடிந்தன.

பதினாறாவது, ஒரு ஆடிமாதக் கர்க்கடக மழையில் எடுத்தது. திருத்தப் போனேன். தடுத்தாள்.

"இதத் தொடண்டாம். அண்ணைக்கு நானும் உண்டு. உங்களுக்க அம்மா போன பொறவு மொதல்ல காயலுக்கு எறங்கின நாளு. இப்பிடித்தான் இருந்து."

நிறத்தைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா தெரியவில்லை. நீலத்தோடேயே விட்டுவிட்டேன். இருபதில் அது ஒன்று மட்டும் நீலம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று கண்காட்சி.

வாசலில் 'நீலம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. ராகேஷ் மாற்றவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. வந்தவர்கள் அதைத் தேடிக்கொண்டே சுற்றினார்கள், பதினாறாவது படத்தின் முன் வந்து நின்றார்கள். அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார்கள். மாலைக்குள் ராகேஷ் எல்லாம் தன் யோசனை என்று பேச ஆரம்பித்திருந்தான்.

நாலு மணிக்கு லிங்கம் வந்தார், தேய்த்த சட்டை போட்டு. நான் கூப்பிட்டபோது வருவார் என்று நினைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவர் ஏழாவதில் நின்றார். தண்ணீர்க் கோடு உள்ள படம்.

"இது ஏழு ஆகல்ல. நான் வள்ளத்தக் கரைக்குக் கேற்றி, பூவ எண்ணிக்கிட்டு இருப்பேன் அப்ப" என்றார்.

குறிப்பைப் பார்த்தேன். ஆறு நாற்பத்தெட்டு. செல்போனைப் பார்ப்பதுபோல் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன்.

ஓமனாவிடம் ஒன்றைச் சொல்லியிருக்கவில்லை. படங்களுக்குக் கீழே ஷிஜுவிடம் சொல்லி ஒட்ட வைத்த அட்டையில் இரண்டு வரி: படம், சுவாமிதாஸ். நிறம், ஓமனா. அவள் முதல் அட்டையைப் படித்தாள். இரண்டாவதையும் குனிந்து படித்தாள். இருபதையும் படித்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், யாரோ இரண்டு காலேஜ் பெண்களிடம் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறாள். காதில் விழுந்தது: "ரெண்டாம் தடவ கழுவின தண்ணி. மொதல்ல கழுவினது இல்ல, கேட்டியளா."

மார்ச் 10, திங்கள்

நாளை மறுநாள் இடது கண்ணுக்கு ஆபரேஷன். இந்தத் தடவை பயமில்லை. காலையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, கடைசியாக ஒருமுறை காயலைக் கட்டன்சாயா நிறத்தில் பார்த்தேன். அதுவும் அழகாகத்தான் இருந்தது. ஓமனாவிடம் சொல்லவில்லை.

வீட்டை வெள்ளை அடிக்கப் பெயிண்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "கெடக்கட்டு. ஆட்டோக்காரனுக்கு வழி சொல்ல எளுப்பம்" என்றாள்.

மத்தியானம் புதுப் படம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் பாதி உரித்த உள்ளி.

"மஞ்சள் கூடிப்போச்சு" என்றாள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாயைத் திறந்தேன், மூடினேன்.

குறைத்தேன்.