பேத்தியின் புரதத்துக்குப் பரிந்து பேசியவள்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும், இங்கே நான் கடிதம் எழுதுகிற அளவுக்கு நலம். முதலில் நல்ல சேதி. உன் அண்ணன் மகன் வக்கீல் பரீட்சையில் தேறிவிட்டான், இனி வீட்டில் யாரும் அவனோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. அவன் தங்கை, நம்ம வாலு, நீச்சலில் முதலாவதாக வந்தாள். எல்லாருக்கும் மேலே உன் மகள், ஆராய்ச்சிக்குப் பரிசு வாங்கியவள், அவளைப் பற்றி நான் அளக்காத ஆள் இந்தத் தெருவில் இல்லை, காய்கறிக்காரர் என்னைக் கண்டாலே அவசரமாக எடைபோட்டு அனுப்பிவிடுகிறார்.

ரத்தத்தில் காம்ப்ளிமெண்ட் என்று சில புரதங்கள் திரிகின்றன என்று அவள் போனில் விளக்கினாள். கிருமி நுழைந்தால் முதுகில் ஒட்டிக்கொண்டு இவன்தான் திருடன் என்று காட்டிக்கொடுக்குமாம், அதோடு விடாமல் சும்மா கிடக்கிற வெள்ளை அணுக்களையும் சண்டைக்கு உசுப்பிவிடுமாம். அந்த உசுப்பலைத்தான் அவள் ஆராய்ந்தாளாம். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு இது புரிந்ததும், நானே கண்டுபிடித்த மாதிரி தலைக்கனம் ஏறிவிட்டது.

இனி திட்டாமல் படி. எனக்கு மூச்சு வாங்கியது வயசால் இல்லையாம். அந்தக் காம்ப்ளிமெண்டே என் சிவப்பணுக்களைத் திருடன் என்று நினைத்து உடைக்கிறதாம், அதை அடக்க ஊசி உண்டு, போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டரம்மா. நான் என்ன செய்தேன் தெரியுமா, என் பேத்திக்குப் பரிசு வாங்கித் தந்த புரதத்தை அடக்குவதா என்று வீறாப்பாக எழுந்து வந்துவிட்டேன். வந்த வீறாப்பு நம் வீட்டு மாடிப்படி வரைக்கும்தான், பாதியில் உட்கார்ந்தவளை உன் அண்ணன் தூக்கிக்கொண்டு போனான். விஷயம் உன் மகள் காதுக்குப் போனது. பாட்டி, அது என்ன எனக்கு மாமனா மச்சானா, அதற்குப் போய்ப் பரிந்து பேசுகிறாயே, காவல்காரன் வீட்டுக்காரியையே அடித்தால் கையைப் பிடிக்க வேண்டாமா என்று போனில் கத்தினாள். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குத்தான் சரி என்றேன், விஞ்ஞானத்துக்கு இல்லை.

காவல்காரன் கையைக் கட்டினால் மூளைக்காய்ச்சல் கிருமிக்குக் கொண்டாட்டமாகிவிடுமாம், அதற்குத் தடுப்பூசி போட்டாயிற்று. இனி உடம்பு சுட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், கஷாயம் மாத்திரை என்று என் வைத்தியம் கூடாது. வியாழக்கிழமை முதல் ஊசி. நீ பதறி ஓடி வராதே. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியது நான்தான், பிள்ளையைத் திட்டாதே.

எல்லாரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள். மறக்காமல் உன் மகளின் புதுப் படம் ஒன்றைத் தபாலில் அனுப்பு, போனில் வந்தால் என் கண்ணுக்குத் தெரியாது. என்னைச் சம்மதிக்க வைத்த விஞ்ஞானி இவள்தான் என்று நர்ஸிடம் காட்ட, என்னிடம் இருப்பது சின்ன வயசில் அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்தபோது எடுத்த படம்தான்.

இப்படிக்கு,
உன் வீம்புக்கார அம்மா