கழுவிவிட்ட கறுப்பு

மார்ச் 19
கணவர் சகிந்திக்கின் படகைக் கரையேற்றி அடித்தகட்டின் துருவைச் சுரண்டினோம். மாதுளைத் தோலிலிருந்து எடுத்த துவர்ப்பு அமிலத்தை நானே பூசினேன். துரு கறுத்து இறுகிவிடும், அதன்மேல் பெயின்ட். தாராளமாகவே பூசினேன். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிற படகு, கஞ்சத்தனம் எதற்கு?

மார்ச் 20
நாசம். நவ்ரூஸுக்கு வீட்டைக் கழுவ வந்த நாத்தனார் கலம்காஸ், படகின் அடியையும் வெந்நீர் ஊற்றித் தேய்த்துவிட்டார்.
"புது வருஷம் பொறக்குற நேரத்துல இவ்ளோ கரியா? தொட்டா பிசுபிசுங்குது!"
"அது மருந்து, அண்ணி!"
"மருந்துன்னா நீயே குடி."
மறுபடி பூச அமிலம் இல்லை. காய்ந்ததும் சகிந்திக் சிரித்துக்கொண்டே பெயின்ட் அடித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 22
நவ்ரூஸ். அண்ணியோடு பேசவில்லை. அவர் காய்ச்சிய கஞ்சியை மட்டும் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

ஏப்ரல் 2
படகு கடலில்.

ஏப்ரல் 14
படகோடு சேர்த்தே அதே அமிலமும் பெயின்ட்டும் பூசிய தகடுகளை, நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்தில் உப்புநீர்த் தூறலில் வைத்திருந்தேன். இன்று எடுத்தால் எல்லாம் கொப்புளம். குத்தினால் தண்ணீர், அடியில் புதுத் துரு. யாரும் கழுவாத தகடே இப்படியென்றால் — கழுவிய படகு? அதன் அடித்தகடு ஏற்கெனவே மெலிசு. அதன்மேல் அவர். ஐயோ, என்ன செய்துவைத்தேன்? போன் போகவில்லை.

ஏப்ரல் 15
காலையில் கிடைத்தார்.
"திரும்பி வாங்க."
"இப்பத்தான் மீனே மாட்டுது—"
"வாங்கன்னா வாங்க!"
அழுதுவிட்டேன். வருகிறாராம்.

ஏப்ரல் 17
வந்துவிட்டார். படகைக் கரையேற்றிப் பார்த்தோம். ஒரு கொப்புளம்கூட இல்லை. நம்பாமல் அங்கங்கே பெயின்ட்டைச் சுரண்டினேன். அடியில் நகத்துக்கு அசையாத கறுப்பு. துரு இல்லை. மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா.
துருவோடு சேர்ந்த அமிலம் கழுவினாலும் போகாது. சேராமல் மிஞ்சியதுதான் ஆய்வகத் தகடுகளில் பெயின்ட்டுக்கடியில் தண்ணீரை இழுத்திருக்கிறது. என் தாராளத்தைத்தான் அண்ணி கழுவிவிட்டிருக்கிறார்.
"நீ அழுத அழுகைக்கு ஒரு வலை மீன் போச்சு," என்கிறார் சகிந்திக். போகட்டும்.

ஏப்ரல் 18
அண்ணி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.
"நெஜமாவா? நீ மருந்துன்னு கத்தினப்போ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். தம்பி கடலுக்குப் போனதுலேருந்து, கழுவிக் கெடுத்துட்டேனோன்னு தூக்கமே இல்லடி."
இது எனக்குத் தெரியவே தெரியாது. அவர் அழுதார். நானும்தான்.

ஏப்ரல் 21
புதுத் தகடுகளுக்கு அமிலம் பூசியாயிற்று. நாளை கழுவ அண்ணி வருகிறார்.