தலை உருளாத படம்

அன்பு மகள் வேணிக்கு,

எனக்கு எழுதத் தெரியாது. உன் சிநேகிதி ஜோதி எழுதுகிறாள், அவளே உன் கையில் தருவாள். படித்ததும் கிழித்துவிடு.

பத்திரிகையில் நீ போடும் ராஜா கதைப் படங்களை ஒன்று விடாமல் பார்க்கிறேன். கல்யாணத்துக்கு அப்புறம் போர்க்களத்தில் உருளும் தலைக்கெல்லாம் மாப்பிள்ளை முகம்தான். "இந்த வாரமும் மாப்பிள்ளை தலை போச்சுங்க" என்று உன் அம்மா சிரிப்பாள்.

இந்த வாரம் அந்தத் தலை கழுத்தில் இருக்கிறது, கையில் ரத்தம் சொட்டும் வாளோடு. கீழே கிடக்கும் ராணிக்கு உன் முகம். அவள் வலது கை துண்டாகிக் கிடக்கிறது. போனில் கேட்டால் "நல்லாருக்கேம்பா" என்கிறாய்.

சனிக்கிழமை காலை ஸ்ரீரங்கம் வருகிறேன். படம் போடும் சாமான்களைக் கட்டி வை. அரிவாள் எடுக்க மாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். மாப்பிள்ளை வாசலை மறித்தால் சத்தியத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உன் அப்பா